மின்னணுத் திராட்டில் கட்டுப்பாட்டுப் பழுது

மின்னணுத் திராட்டில் கட்டுப்பாட்டுப் பழுது என்பது, தானுந்தின் முடுக்கி மிதிக்கும் (ஆக்சிலரேட்டர்) பொறியின் காற்றுவழியில் உள்ள திராட்டில் இதழுக்கும் இடையே செயற்படும் மின்னணு அமைப்பில் தோன்றும் கோளாறு ஆகும். இக்கோளாறு ஏற்படும்போது எச்சரிக்கை விளக்கு எரியும். பொறியின் ஆற்றல் திடீரெனக் குறையும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் ஊர்தி மெதுவாகவே நகரும். ஊர்தியின் கணினி இக்கோளாறை ஒரு பழுதுக் குறியீடாகப் பதிவு செய்கிறது. அக்குறியீடு எந்தச் சைகை நம்பத்தக்கதாக இல்லை என்பதை மட்டுமே கூறும். எந்த உறுப்பு கெட்டது என்பதை அது கூறுவதில்லை. ஆகவே அளந்து பார்த்த பின்னரே உறுப்பை மாற்றுவது இப்பழுதைச் செப்பனிடுவதன் அடிப்படை விதியாகும்.

பின்னணி

பெட்ரோல் பொறிக்குள் செல்லும் காற்றின் அளவைத் திராட்டில் இதழ் கட்டுப்படுத்துகிறது. இது ஒரு குழாயின் நடுவே அச்சில் சுழலும் வட்டத் தகடாகும். இதழ், குழாய், மின்னோடி, உணரிகள் ஆகியவற்றைக் கொண்ட முழு உறுப்பு பணிமனைகளில் திராட்டில் பாடி எனப்படுகிறது. இக்கட்டுரையில் அது திராட்டில் கூடு எனக் குறிக்கப்படுகிறது.

பழைய தானுந்துகளில் முடுக்கி மிதியும் திராட்டில் இதழும் ஓர் எஃகுக் கம்பிவடத்தால் இணைக்கப்பட்டிருந்தன. மிதியை அழுத்தினால் கம்பிவடம் இழுபட்டு இதழ் திறக்கும். மின்னணு முறையில் இக்கம்பிவடம் இல்லை. மிதியில் உள்ள உணரிகள் ஓட்டுநரின் விருப்பத்தை மின்னழுத்தமாக மாற்றிப் பொறிக் கட்டுப்பாட்டகத்திற்கு அனுப்புகின்றன. கட்டுப்பாட்டகம் கணக்கிட்டு, திராட்டில் கூட்டில் உள்ள சிறு மின்னோடியை இயக்கி இதழைத் திறக்கிறது. எனவே மிதியை அழுத்துவது இம்முறையில் ஒரு கட்டளை அன்று. அது ஒரு வேண்டுகோளே எனலாம்.

1987இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ 750ஐ இம்முறையைப் பயன்படுத்திய தொடக்ககாலத் தானுந்துகளுள் ஒன்றாகும். 1997ஆம் ஆண்டு மாதிரியான செவ்ரோலே கார்வெட்டிலும் இது இடம்பெற்றது. வெற்றோட்ட வேகம் (ஐடிலிங்), சீர்வேகக் கட்டுப்பாடு, சக்கர வழுக்கல் தடுப்பு, தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியின் மாற்றம் ஆகிய அனைத்தையும் ஒரே மின்னோடியின் வழியே நிறைவேற்ற முடிவதால், 2000களில் இம்முறை விரைந்து பரவியது. டீசல் பொறிகளிலும் மின்னணு மிதி உண்டு. ஆனால் அவற்றின் ஆற்றலைப் பெரும்பாலும் எரிபொருளின் அளவே தீர்மானிப்பதால், இக்கட்டுரை பெட்ரோல் பொறிகளையே விளக்குகிறது.

அமைப்பு

மின்னணுத் திராட்டில் அமைப்பில் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

1. மிதி உணரிகள்: முடுக்கி மிதியில் ஒன்றல்ல, இரண்டு உணரிகள் உள்ளன. சில ஊர்திகளில் இரண்டாவது உணரியின் மின்னழுத்தம் முதலாவதில் பாதியாக இருக்கும். வேறு சிலவற்றில் இரண்டுக்கும் இடையே மாறாத வேறுபாடு இருக்கும்.

2. திராட்டில் நிலை உணரிகள்: திராட்டில் கூட்டிலும் இரண்டு உணரிகள் உள்ளன. பல ஊர்திகளில் இதழ் திறக்கும்போது ஒன்றின் மின்னழுத்தம் ஏறும். மற்றதன் மின்னழுத்தம் இறங்கும்.

3. மின்னோடியும் பற்சக்கரங்களும்: நேர்மின்னோடி ஒன்று சிறு பற்சக்கரங்களின் வழியே இதழைச் சுழற்றுகிறது. கட்டுப்பாட்டகம் மின்னோட்டத்தை இரு திசைகளிலும் செலுத்தக்கூடியதால், இதழைத் திறக்கவும் மூடவும் முடியும்.

4. சுருள்வில்: மின்னோடிக்கு மின்சாரம் இல்லாதபோது, சுருள்வில் இதழைச் சில பாகைகள் மட்டும் திறந்த நிலையில் நிறுத்துகிறது. பொறி நின்றுவிடாமல் இருக்கவும், ஊர்தி மெதுவாகவேனும் நகரவும் இச்சிறு திறப்பு போதுமானது.

5. பொறிக் கட்டுப்பாட்டகம்: இது உணரிகளுக்கு 5 வோல்ட்டு ஊட்டு மின்னழுத்தம் அளிக்கிறது, சைகைகளை ஒப்பிடுகிறது, மின்னோடியை இயக்குகிறது.

திராட்டில் கூட்டின் இணைப்பியில் (கப்ளர்) பொதுவாக ஆறு கம்பிகள் இருக்கும். ஊட்டு மின்னழுத்தத்திற்கு ஒன்று, உணரிகளின் எர்த்துக்கு ஒன்று, நிலைச் சைகைகளுக்கு இரண்டு, மின்னோடிக்கு இரண்டு என்பன அவை.

பழைய உணரிகளில் ஒரு தடைப்பட்டையின் மீது உலோகத் தொடுமுனை உராய்ந்து நகரும். உராய்வினால் பட்டை தேய்வது இவற்றின் குறையாகும். பின்னர் வந்தவற்றில் ஹால் விளைவினைப் பயன்படுத்தும், தொடுகையற்ற உணரிகள் இடம்பெற்றன.

இரட்டை உணரியும் காப்பு நிலையும்

ஒரே ஓர் உணரி இருந்தால், அது பொய்யான அளவைக் காட்டும்போது கட்டுப்பாட்டகத்தால் அதனைக் கண்டறிய இயலாது. கம்பி ஒன்று ஊட்டு மின்னழுத்தத்துடன் உரசினால், ஓட்டுநர் மிதியை முழுதும் அழுத்திவிட்டார் என்றே அது கருதக்கூடும். இரண்டு உணரிகள் இருந்து, அவற்றின் இடையே அறியப்பட்ட ஓர் உறவும் இருந்தால், அவ்வுறவு குலையும்போது ஏதோ பிழை நேர்ந்துள்ளது என்பது உடனே தெரியவரும்.

ஆயினும் இரண்டு சாட்சிகள் முரண்படும்போது, எவர் கூறுவது உண்மை என்பதை அவ்விரு சாட்சியங்களைக் கொண்டு மட்டும் எப்போதும் தீர்மானிக்க முடியாது. ஆகவே கட்டுப்பாட்டகம் ஐயத்தின் பயனைப் பாதுகாப்பிற்கே அளிக்கிறது. பழுதின் தன்மைக்கு ஏற்ப, அது திராட்டிலின் திறப்பை ஓர் எல்லைக்குள் கட்டுப்படுத்துகிறது அல்லது மின்னோடிக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. மின்சாரம் நின்றதும் சுருள்வில் இதழைச் சிறு திறப்பிற்குக் கொண்டுவந்துவிடும். இதுவே காப்பு நிலை எனப்படுகிறது. ஓட்டுநருக்குப் பழுதாகத் தோன்றும் இவ்வேகக் குறைவு, உண்மையில் அமைப்பு தனக்கு வகுக்கப்பட்டபடி செயற்பட்டதன் விளைவாகும்.

கட்டுப்பாட்டகமும் தன்னைத்தானே கண்காணிக்கிறது. செருமானியத் தானுந்து நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய ஈ-காஸ் கண்காணிப்பு முறையில் மூன்று அடுக்குகள் உள்ளன. முதல் அடுக்கு பொறியை இயக்குகிறது. இரண்டாவது அடுக்கு முதல் அடுக்கின் கணக்கைச் சரிபார்க்கிறது. மூன்றாவது அடுக்கு தனியான ஒரு மின்சுற்றின் துணையுடன் நுண்செயலியையே சோதிக்கிறது.

அறிகுறிகள்

* பொறி எச்சரிக்கை விளக்கு அல்லது திராட்டிலுக்குரிய தனி விளக்கு எரிதல்
* மிதியை அழுத்தினாலும் பொறியின் சுழற்சி ஓர் எல்லைக்கு மேல் உயராமை
* வெற்றோட்டம் ஏறி இறங்குதல், அல்லது சாலைச் சந்திப்புகளில் பொறி நின்றுபோதல்
* மிதியை அழுத்திய சிறிது நேரத்திற்குப் பின்னரே ஊர்தி வேகம் எடுத்தல்
* சீர்வேகக் கட்டுப்பாடும் வழுக்கல் தடுப்பும் செயற்படாமை
* பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கியதும் கோளாறு சிறிது நேரம் மறைந்திருத்தல்

இறுதியாகக் கூறப்பட்ட அறிகுறி ஏமாற்றத்தக்கது. மறு இயக்கத்தின்போது கட்டுப்பாட்டகம் சோதனையைப் புதிதாகத் தொடங்குவதால், விட்டுவிட்டுத் தோன்றும் பழுது நீங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் தளர்ந்த இணைப்போ தேய்ந்த பட்டையோ அப்படியே இருக்கும்.

பழுதுக் குறியீடுகள்

1996 முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விற்கப்படும் பயணிகள் தானுந்துகளில் ஓபிடி-2 எனப்படும் பொதுப் பழுதறி முறை கட்டாயமாகும். பிற நாடுகளும் இதனையொத்த முறைகளைப் பின்பற்றுகின்றன. ஸ்கேனர் கருவியை ஊர்தியின் இணைப்பியில் பொருத்திக் குறியீடுகளைப் படிக்கலாம். திராட்டில் தொடர்பான முதன்மைக் குறியீடுகள் பின்வருமாறு.

* பி0122, பி0123: முதல் திராட்டில் உணரியின் மின்னழுத்தம் மிகக் குறைவு, மிக அதிகம்
* பி0222, பி0223: இரண்டாவது திராட்டில் உணரியின் மின்னழுத்தம் மிகக் குறைவு, மிக அதிகம்
* பி2122, பி2123: முதல் மிதி உணரியின் மின்னழுத்தம் மிகக் குறைவு, மிக அதிகம்
* பி2127, பி2128: இரண்டாவது மிதி உணரியின் மின்னழுத்தம் மிகக் குறைவு, மிக அதிகம்
* பி2135: திராட்டில் உணரிகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை
* பி2138: மிதி உணரிகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை
* பி2111, பி2112: இதழ் திறந்த நிலையில் சிக்கியது, மூடிய நிலையில் சிக்கியது
* பி2101, பி2119: இதழ் கட்டளைக்கு ஏற்ப நகரவில்லை
* பி0642, பி0643: உணரிகளின் ஊட்டு மின்னழுத்தம் மிகக் குறைவு, மிக அதிகம்

இவற்றை ஒருங்கே நோக்குவது பயன் தரும். மிதியின் இரண்டு உணரிகளும் திராட்டிலின் இரண்டு உணரிகளும் ஒரே நேரத்தில் மின்னழுத்தம் குறைவு எனக் காட்டினால், நான்கு உணரிகளும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. அவற்றிற்குப் பொதுவான ஊட்டு மின்னழுத்தத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

பழுதறியும் முறை

எளிதானதிலிருந்து கடினமானதற்கும், செலவற்றதிலிருந்து செலவு மிக்கதற்கும் செல்வது பழுதறிதலின் ஒழுங்காகும்.

1. பதிவுகளைக் குறித்துக்கொள்ளல்: குறியீட்டை அழிப்பதற்கு முன்னர் அதனையும், அதனுடன் சேமிக்கப்பட்ட உறைநிலைப் பதிவையும் எழுதிக்கொள்ள வேண்டும். பழுது தோன்றிய கணத்தில் ஊர்தியின் வேகம், பொறியின் வெப்பநிலை, சுழற்சி முதலியவற்றை அப்பதிவு காட்டும். குறியீட்டை அழித்தால் இச்சான்றும் அழிந்துவிடும்.

2. மின்கலத்தைச் சோதித்தல்: முழுதும் மின்னேற்றப்பட்ட 12 வோல்ட்டு ஈய அமில மின்கலம், ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டு காட்டும். பொறி ஓடும்போது மின்னழுத்தம் பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட்டு வரை இருக்கும். வலுவிழந்த மின்கலமும் துருவேறிய முனைகளும் கட்டுப்பாட்டகத்தைக் குழப்பிப் பொருத்தமற்ற குறியீடுகளைத் தோற்றுவிக்கக்கூடும்.

3. கண்ணால் பார்த்தல்: மிதியின் கீழ்க் கால்விரிப்பு சிக்கியுள்ளதா, கம்பிகளை எலி கடித்துள்ளதா, கம்பிக்கட்டு உலோக விளிம்பில் உரசுகிறதா, இணைப்பியின் ஊசிகளில் பச்சை நிறத் துரு அல்லது ஈரம் உள்ளதா, காற்றுக் குழாயில் விரிசல் உள்ளதா என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

4. நேரடி அளவுகளை நோக்குதல்: பொறியை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மிதியை மெதுவாக அழுத்தி விடுவிக்க வேண்டும். ஸ்கேனரில் தெரியும் மிதி உணரிகளின் அளவுகள் தாவலின்றிச் சீராக ஏறி இறங்க வேண்டும். பின்னர்க் கட்டுப்பாட்டகம் கோரும் திறப்பையும் இதழின் உண்மைத் திறப்பையும் ஒப்பிட வேண்டும்.

5. அசைத்துப் பார்த்தல்: அளவுகளை நோக்கிக்கொண்டே கம்பிக்கட்டையும் இணைப்பிகளையும் மெல்ல அசைக்க வேண்டும். குறிப்பிட்ட ஓரிடத்தை அசைக்கும்போது அளவு துள்ளினால், பழுது அவ்விடத்திலேயே உள்ளது.

6. ஊட்டு மின்னழுத்தம்: திராட்டில் கூட்டின் இணைப்பியைக் கழற்றி, மல்டிமீட்டரால் அளந்தால் 5 வோல்ட்டு இருக்க வேண்டும். இல்லையெனில் உடனே கட்டுப்பாட்டகத்தைக் குறை கூறக்கூடாது. அதே ஊட்டு மின்னழுத்தத்தைப் பகிரும் வேறோர் உணரி உட்குறுக்காகி, அனைத்தையும் கீழிழுத்திருக்கலாம். அவ்வுணரிகளின் இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது 5 வோல்ட்டு மீண்டால், இறுதியாகக் கழற்றப்பட்டதே குற்றவாளியாகும்.

7. எர்த் இணைப்பு: சாவி திருப்பிய நிலையில், உணரியின் எர்த் கம்பிக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இது பொதுவாக 0.1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எர்த் வழியில் தேவையற்ற மின்தடை உள்ளது.

8. மின்னோடி: சாவியை அணைத்து, இணைப்பியைக் கழற்றி, மின்னோடியின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளக்க வேண்டும். அளவு முடிவிலியாக இருந்தால் உட்கம்பி அறுந்துள்ளது. உரிய அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து அறியலாம்.

கூட்டுத்தொகைச் சோதனை

பி2135 குறியீடு தோன்றியவுடன் திராட்டில் கூட்டையே மாற்றிவிடுவது பரவலான வழக்கமாகும். ஆனால் ஏறும் சைகையும் இறங்கும் சைகையும் கொண்ட அமைப்புகளில், ஓர் எளிய கூட்டல் கணக்கு பழுதின் இடத்தைப் பெரிதும் சுருக்கித் தரும். இதழ் எந்நிலையில் இருந்தாலும் இரு சைகைகளின் கூட்டுத்தொகை 5 வோல்ட்டாக இருக்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, முதல் உணரி 1.0 வோல்ட்டு காட்டினால் இரண்டாவது 4.0 வோல்ட்டு காட்டும், முதலாவது 3.5 காட்டினால் இரண்டாவது 1.5 காட்டும்.

எர்த் வழியில் 0.2 வோல்ட்டு இழக்கப்படுவதாகக் கொள்வோம். அப்போது உணரியின் கீழ்முனை 0.2 வோல்ட்டாக உயர்கிறது. உணரிக்குக் குறுக்கே எஞ்சியிருப்பது 4.8 வோல்ட்டே. இரு சைகைகளும் அந்த 4.8 வோல்ட்டைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதோடு, ஒவ்வொன்றிலும் 0.2 வோல்ட்டு கூடுகிறது. ஆகவே கூட்டுத்தொகை 5.2 வோல்ட்டாகிறது.

மாறாக, ஊட்டுக் கம்பியில் 0.2 வோல்ட்டு இழக்கப்பட்டால் உணரிக்குக் கிடைப்பது 4.8 வோல்ட்டு. இரு சைகைகளும் அதனைப் பகிர்வதால் கூட்டுத்தொகை 4.8 வோல்ட்டாகிறது. எனவே பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

* கூட்டுத்தொகை எல்லா நிலைகளிலும் 5 வோல்ட்டுக்கு மேலே ஒரே அளவில் இருந்தால், எர்த் வழியை ஆராய வேண்டும்.
* எல்லா நிலைகளிலும் 5 வோல்ட்டுக்குக் கீழே ஒரே அளவில் இருந்தால், ஊட்டுக் கம்பியை ஆராய வேண்டும்.
* குறிப்பிட்ட ஒரு நிலையில் மட்டும் கூட்டுத்தொகை விலகினால், அவ்விடத்தில் தடைப்பட்டை தேய்ந்திருக்க வாய்ப்புள்ளது. தொடுமுனை நெடுநேரம் தங்கும் வெற்றோட்டப் பகுதியிலேயே இத்தேய்வு மிகுதியாகக் காணப்படும்.

முதல் இரண்டு நிலைகளிலும் திராட்டில் கூடு நலமாகவே உள்ளது. புதிய கூட்டைப் பொருத்தினாலும் அதே குறியீடு திரும்பும். துருவேறிய எர்த் முனையைத் துப்புரவு செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும் என்பதையும், புதிய கூட்டின் விலையையும் ஒப்பிட்டால் இச்சோதனையின் பயன் விளங்கும். கூட்டுத்தொகை ஊர்திக்கு ஊர்தி வேறுபடும் என்பதால், அவ்வவ்வூர்திக்குரிய உறவைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கரிப்படிவும் துப்புரவும்

எல்லாப் பழுதுகளும் மின்பழுதுகள் அல்ல. பொறியின் எண்ணெய் ஆவி காற்றுவழியில் படிந்து, இதழின் விளிம்பில் கருநிறப் பிசுக்காக இறுகுகிறது. வெற்றோட்டத்தில் காற்று இதழின் ஓரத்தில் உள்ள மெல்லிய இடைவெளியின் வழியே செல்வதால், இச்சிறு படிவும் காற்றைப் பெரிதும் தடுக்கும். கட்டுப்பாட்டகம் இதழைச் சற்றே கூடுதலாகத் திறந்து இதனை ஈடுசெய்கிறது. ஈடுசெய்யும் எல்லை கடக்கும்போதோ, இதழ் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும்போதோ பழுது வெளிப்படுகிறது.

துப்புரவின்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

* சாவியை அணைத்து, திராட்டில் கூட்டின் இணைப்பியைக் கழற்றிய பின்னரே இதழைத் தொட வேண்டும். சாவி திருப்பிய நிலையில் மின்னோடி திடீரென இயங்கி விரலை நசுக்கக்கூடும்.
* திராட்டிலுக்குரிய துப்புரவுத் திரவத்தை மென்மையான துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். அச்சின் முனைகளில் திரவத்தைப் பீய்ச்சினால், அது உணரிக்குள் இறங்கக்கூடும்.
* சில கூடுகளின் உட்புறத்தில் காப்புப் பூச்சு உள்ளது. கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ தேய்த்தால் அப்பூச்சு நீங்கிவிடும்.
* இதழை விரலால் வலிந்து தள்ளக்கூடாது. உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் நெகிழியால் ஆனவையாக இருக்கலாம்.

மறுகற்றல்

துப்புரவு செய்த பின்னரோ புதிய கூட்டைப் பொருத்திய பின்னரோ வெற்றோட்டம் அளவுக்கு மீறி உயர்வதுண்டு. படிவு இருந்தபோது கற்றுக்கொண்ட கூடுதல் திறப்பையே கட்டுப்பாட்டகம் தொடர்ந்து பயன்படுத்துவது இதற்குக் காரணமாகும். இதனைப் புதிய பழுதாகக் கருதி மீண்டும் உறுப்புகளை மாற்றுவோரும் உளர். இதழின் மூடிய நிலையைக் கட்டுப்பாட்டகத்திற்கு மீண்டும் அறிமுகப்படுத்துவதே தீர்வாகும். இது மறுகற்றல் எனப்படுகிறது.

சில ஊர்திகளில் சாவியைத் திருப்பி அணைப்பதாலேயே இது நிறைவேறும். எடுத்துக்காட்டாக, நிசான் நிறுவனத்தின் பல ஊர்திகளில் மிதியின் ஓய்வுநிலையைக் கற்பிக்க, மிதியைத் தொடாமல் சாவியைத் திருப்பி 2 நொடிகளும், பின்னர் அணைத்து 10 நொடிகளும் காத்திருந்து, அதனை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். மூடிய இதழ்நிலைக்கும் வெற்றோட்டக் காற்றின் அளவிற்கும் தனித்தனி நடைமுறைகள் உள்ளன. வேறு பல ஊர்திகளுக்கு ஸ்கேனர் கருவி இன்றியமையாதது.

அறியப்பட்ட நிகழ்வுகள்

வால்வோ நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு மாதிரி முதலான சில தானுந்துகளில், திராட்டில் கூட்டின் தொடுகை உணரியில் தடைப்பட்டை தேய்ந்து, பெருமளவில் பழுதுகள் தோன்றின. கலிபோர்னியா காற்று வள வாரியம் தலையிட்டதைத் தொடர்ந்து, இவ்வுறுப்பிற்கான உத்தரவாதம் 10 ஆண்டுகள் அல்லது 200,000 மைல்கள் என நீட்டிக்கப்பட்டது.

போர்டு நிறுவனத்தின் 2009 முதல் 2013 வரையிலான எஸ்கேப், பியூசன் முதலிய மாதிரிகளில் ஊர்திகள் ஓடும்போதே காப்பு நிலைக்குச் சென்றன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் ஆய்வைத் தொடங்கியது. பின்னர் நிறுவனம் திராட்டில் கூட்டிற்கான உத்தரவாதத்தை 10 ஆண்டுகள் அல்லது 150,000 மைல்கள் என நீட்டித்தது. விரைவுச் சாலையில் ஆற்றல் திடீரெனக் குறைவது பின்வரும் ஊர்திகளாலும் ஆபத்தாகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இதற்கு நேர்மாறான அச்சம், ஓட்டுநர் கேளாமலேயே ஊர்தி விரைவெடுத்தல் ஆகும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் டொயோட்டா நிறுவனம், மிதியில் சிக்கும் கால்விரிப்புகள் காரணமாகவும், அழுத்திய பின் மீளாமல் நின்றுவிடும் மிதிகள் காரணமாகவும் பல இலட்சம் ஊர்திகளைத் திரும்பப் பெற்றது. மின்னணு அமைப்பே காரணமா என்பதை நாசா பொறியியலாளர்கள் ஆராய்ந்தனர். 2011 பெப்ரவரியில் வெளியான அறிக்கை, ஆபத்தான அளவில் திராட்டிலைத் திறக்கக்கூடிய மின்னணுக் குறைபாடு எதனையும் தாம் காணவில்லை என்று தெரிவித்தது. அதே ஆய்வில், பழுதான ஒரு மிதி உணரியினுள் மயிரினும் மெல்லிய வெள்ளீய இழை வளர்ந்து, இரு சைகைகளுக்கும் இடையே குறுக்கிணைப்பை ஏற்படுத்தியிருந்ததும் கண்டறியப்பட்டது.

விவாதம் அத்துடன் முடியவில்லை. 2007இல் 2005ஆம் ஆண்டு மாதிரி கேம்ரி தானுந்து விபத்துக்குள்ளானது தொடர்பான வழக்கில், மென்பொருளில் குறைபாடுகள் உள்ளதாக வல்லுநர்கள் சாட்சியம் அளித்தனர். 2013 அக்டோபரில் ஒக்லகோமா மாநில நடுவர் குழு நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கால்விரிப்பு, மிதி ஆகியவற்றின் குறைபாடுகள் பற்றி நுகர்வோருக்குத் தவறான தகவல் அளித்தமைக்காக, 2014இல் அந்நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

ஓட்டுநர் செய்ய வேண்டியவை

ஓடும்போது ஊர்தி காப்பு நிலைக்குச் சென்றால், அபாய விளக்குகளை எரியவிட்டு, பின்வரும் ஊர்திகளைக் கவனித்துச் சாலையோரத்திற்குச் செல்ல வேண்டும். பொறியை மீண்டும் இயக்கும்போது ஆற்றல் திரும்பினாலும், அதனைப் பழுது நீங்கியதாகக் கருதி நெடும்பயணத்தைத் தொடரக்கூடாது.

ஊர்தி கட்டுப்பாடின்றி விரைவெடுத்தால், பிரேக் மிதியை ஒரே முறையில் உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். திராட்டில் திறந்திருக்கும்போது பிரேக்கிற்குத் துணைபுரியும் வெற்றிடம் புதிதாக உருவாகாது. ஆகவே விட்டுவிட்டு அழுத்தினால், எஞ்சியிருக்கும் வெற்றிடமும் தீர்ந்து மிதி கடினமாகிவிடும். உடனே பற்சக்கரத்தை நடுநிலைக்கு (நியூட்ரல்) மாற்ற வேண்டும். பொறி உரத்து ஓடினாலும் சக்கரங்களுக்கு ஆற்றல் செல்லாது. ஊர்தி நின்ற பின்னரே பொறியை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியை முழுதும் திருப்பி எடுத்தால், திசைமாற்றி பூட்டிக்கொள்ளக்கூடும்.

செப்பனிட்ட பின் சரிபார்த்தல்

குறியீட்டை அழிப்பது செப்பனிடுதல் ஆகாது. காரணம் களையப்பட்ட பின்னர், குறியீடுகளை அழித்து, உறைநிலைப் பதிவில் காணப்பட்ட அதே வெப்பநிலையிலும் வேகத்திலும் ஊர்தியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது பொறி சூடேறிய பின் தோன்றியிருந்தால், குளிர்ந்த பொறியில் செய்யும் சோதனை எதனையும் மெய்ப்பிக்காது. கோரப்பட்ட திறப்பும் உண்மைத் திறப்பும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டும். இரட்டை உணரிகளின் உறவு எந்நிலையிலும் குலையாதிருக்க வேண்டும்.

உணரிகளைப் போலியான மின்தடையால் ஏமாற்றியோ, இரு சைகைக் கம்பிகளை ஒன்றாக இணைத்தோ எச்சரிக்கை விளக்கை அணைப்பது மிகவும் ஆபத்தானது. கம்பிவடம் இல்லாத இவ்வமைப்பில், ஒன்றையொன்று சரிபார்க்கும் அவ்விரு சைகைகளே கட்டுப்பாட்டகம் தவறான வேண்டுகோளை இனங்காணும் வழியாகும். அவற்றை ஒன்றாக்கினால் பழுது மறைவதில்லை. பழுதை அறியும் வழியே மறைகிறது.